பத்து மாடும் ஒரே ஏப்பமும்

நான் செய்கிற வேலை இதுதான்: மாடுகள் ஏப்பம் விடும். அதைப் பிடித்து டப்பாவில் அடைத்து, கலஹா மலையிலிருந்து பஸ்ஸில் பேராதனை ஆய்வுநிலையத்துக்குக் கொண்டுவருவேன். இதற்கு எனக்கு மாதச் சம்பளம் உண்டு. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும், எனக்குப் பழகிவிட்டது. மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்கு வரன் கொண்டுவந்த தரகர், "பொண்ணு ஆராய்ச்சி நிலையத்துல இருக்கு" என்று அழகாகத்தான் ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அம்மா, "என்ன ஆராய்ச்சிம்மா?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது என்பதில் அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு தரகரும் வரவில்லை.

விஷயம் வேடிக்கையாக இருந்தாலும் வேடிக்கை இல்லை. மாடு அசைபோடும்போது அதன் வயிற்றில் மீதேன் என்றொரு வாயு உண்டாகிறது. அது ஏப்பமாக வெளியேறி, மேலே போய், பூமியைச் சூடாக்குகிறது. ஒரு மாடு என்றால் போகட்டும் என்று விடலாம். உலகத்தில் மாடுகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, ஒன்றுகூட ஏப்பத்தை அடக்கிக்கொள்வதில்லை. எங்கள் ஆய்வுநிலையத்துப் பேராசிரியர் இராமநாதன் இதற்குச் செடிகொடியிலிருந்தே ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார். பூண்டு, கறுவாப்பட்டை, காயவைத்த தேசிக்காய்த் தோல், பெயர் வெளியே சொல்லக்கூடாத இரண்டு இலைகள். எல்லாவற்றையும் இடித்துத் தவிட்டில் கலந்து கொடுத்தால் மீதேன் குறையும், பால் குறையாது என்பது அவருடைய கட்சி.

அதை நிரூபிக்க அவருக்குப் பத்து மாடு வேண்டியிருந்தது. மாட்டுக்குப் பின்னால் ஓட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள்தான் சுதர்சினியாகிய நான். என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. பரிசோதனை நல்லபடியாக முடிந்தால் வெளிநாட்டு நிறுவனம் இன்னும் மூன்று வருடத்துக்கு உதவும், என் வேலையும் மூன்று வருடத்துக்கு நிலைக்கும். இல்லாவிட்டால் ஜனவரியில் நான் வீட்டில். அம்மா வேறு தரகரைப் பிடிப்பார்.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிற ஒரே லயத்தில், பத்து வீட்டுக்கும் மாடு இருந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்று பேராசிரியர் நினைத்தார். நானும் நினைத்தேன். லயத்தின் மூத்தவர் சின்னமுத்து, மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். கடைசி வீட்டில் ரத்தினம்மா அக்கா. கொழுந்து எடுக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்று, லெச்சுமி என்ற ஒரே பசுவின் பாலில் காலம் தள்ளுகிறவர். முதல் வீட்டில் காளிமுத்து அண்ணன். அவருடைய தொழில், எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்வது.

அளக்கிற முறை எளிது. மாட்டின் மூக்கருகே ஒரு மெல்லிய குழாய், அது போய்ச் சேர்கிற உருக்கு டப்பா ஒன்று கழுத்தில். ஒரு நாள் முழுக்க அது மாட்டின் மூச்சை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். முதல் நாள் நான் வியர்த்து விறுவிறுத்து இதைக் கட்டி முடித்தபோது காளிமுத்து அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மிஸ், தப்பாக் கட்டிட்டீங்க. காத்து வர்ற எடம் இது இல்ல."

"இல்லண்ணே. இது ஏப்பத்துலதான் வரும். வாய் வழியா."

"எங்க மாட்டுக்குப் பின்னாலதான் மிஸ் வரும். நா பொய் சொல்லல, செத்த நேரம் நின்னு பாருங்க."

நின்று பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் விஞ்ஞானம் முன்பக்கம்தான் இருக்கிறது என்று அவருக்கு விளங்கவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அதற்குள் லயத்தில் என் பெயர் ஏப்ப மிஸ் என்று நிலைத்துவிட்டது.

முதல் மாதம் பொடி எதுவும் இல்லை, அளந்தது மட்டும்தான். இரண்டாம் மாதத்திலிருந்து மூட்டைகள் வந்தன. ஐந்து வீட்டுக்குச் சிவப்பு நாடா கட்டிய மூட்டை, ஐந்து வீட்டுக்கு மஞ்சள் நாடா. ஒன்றில் மருந்து கலந்த தவிடு, மற்றதில் வெறும் தவிடு. எதில் எது என்று மாட்டுக்காரர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த விவரம் ஓர் உறையில், உறை பேராசிரியரின் அலுமாரியில், சாவி அவருடைய பொக்கற்றில்.

"அளக்கிற ஆளுக்கு விடை தெரிஞ்சால் கை தன்பாட்டிலை அந்தப் பக்கம் சாயும், பிள்ளை," என்றார் அவர். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து முப்பது வருடமாகியும் அவர் பேச்சில் ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. "கண்ணைக் கட்டிப்போட்டுச் செய்தால்தான் நீதி. அதாலை உமக்கும் சொல்லமாட்டன். விளங்குதோ?"

வாசனையை வைத்து யாரும் கண்டுபிடித்துவிடக்கூடாதென்று வெறும் தவிட்டிலும் ஒரு கிள்ளுப் பூண்டுத் தூளைத் தூவியிருந்தார். இவ்வளவு முன்யோசனை உள்ள மனிதர் அவர்.

பொடி கொடுத்து இரண்டு மாதம் ஆனதும் அவர் உறையைப் பிரித்தார். இன்னும் ஒரு மாதம் மீதி இருந்தது, ஆனால் வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மையார் பார்வையிட வரப்போவதாகக் கடிதம் வந்துவிட்டது. அவருக்கு ஏதாவது காட்ட வேண்டுமே. சிவப்பு மூட்டையில்தான் மருந்து. சிவப்பு வீட்டு மாடுகளின் மீதேன் நூற்றுக்குப் பன்னிரண்டு குறைந்திருந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. பேராசிரியர் அடுத்த தாளைத் திருப்பினார். வெறும் தவிடு தின்ற மஞ்சள் வீட்டு மாடுகள்: அதுவும் பன்னிரண்டு.

இரண்டு நாள் அவர் டப்பா வாயுவை அளக்கிற இயந்திரத்தைச் சந்தேகப்பட்டார். அடுத்த இரண்டு நாள் என்னைச் சந்தேகப்பட்டார். ஐந்தாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"தவிடு, பிள்ளை! பிழை எங்களிலை இல்லை. தவிட்டிலை ஏதோ கிடக்கு!"

அன்றே தவிடு வாங்கிய கடையைத் தேடிப் பிலிமத்தலாவைக்குப் போனார். கடைக்கார நஸீபிடம், இது எந்த நெல்லின் தவிடு, எந்த வயல், எத்தனை நாள் மூட்டையில் இருந்தது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். அவர் சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்து நஸீப் பாதிக் கதவைச் சாத்திவிட்டுத் தேத்தண்ணி வரவழைத்திருக்கிறார். பேராசிரியர் மூன்று கிலோ தவிட்டை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். சாதாரணத் தவிடே பூமியைக் காப்பாற்றும் என்று ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார். எனக்கென்ன தெரியும், தவிட்டில் இருந்தாலும் இருக்கும்.

தெரிந்தது அந்தச் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் லொறி மூட்டைகளோடு வரும். வீடு வீடாக இறக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மதிய பஸ்ஸில் நான் இறங்கிவிடுவேன். அன்று பஸ் தரிப்பு வரைக்கும் போனபிறகு மழை பிடித்தது. குடை லயத்தில். பஸ்ஸை விட்டுவிட்டுத் தலையில் பையை வைத்துக்கொண்டு திரும்பி ஏறினேன்.

கோயில் முன்னால் தகரக் கூரையின் கீழே ஒரு தறப்பாள் விரித்திருந்தது. அதன்மேல் பத்துக் குவியல். பத்து மூட்டையும் வாயைப் பிளந்துகொண்டு ஓரமாகக் கிடந்தன, சிவப்பும் மஞ்சளும் ஒன்றாக. மண்வெட்டியில் தவிடு ஒட்டியிருந்தது. காளிமுத்து அண்ணன் குவியல்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு நின்றார். சின்னமுத்து ஒரு குச்சியால் ஒரு குவியலைத் தொட்டார்.

"இது யாருக்கு?"

"ஜெயராணி வீட்டுக்கு," என்றார் காளிமுத்து.

"இது யாருக்கு?"

"ரத்தினம்மாவுக்கு."

எனக்கு இந்த முறை தெரியும். தீபாவளிக்குப் பல வீடு சேர்ந்து கிடாய் வாங்கினால் கறியை இப்படித்தான் பங்கு போடுவார்கள். பெயர் சொல்கிறவர் குவியலைப் பார்க்கக்கூடாது. எலும்பு யாருக்கு, ஈரல் யாருக்கு என்று பிறகு வாயே திறக்க முடியாது. கண்ணைக் கட்டிச் செய்வதுதான் நீதி என்று பேராசிரியர் சொன்னாரே, அதை இவர்கள் அவரைவிடச் சுத்தமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

"என்ன செய்றீங்க?" என்று நான் போட்ட சத்தத்தில் கோயில் கிடாய் எழுந்து நின்றது.

"வாங்க மிஸ், நனையாதீங்க," என்றார் ரத்தினம்மா அக்கா, கொஞ்சமும் பதறாமல். "இந்தா முடிஞ்சிருச்சி."

"எத்தன நாளா இது நடக்குது?"

"மொத மூட்டையில இருந்து. அஞ்சு வீட்டுக்கு மருந்து, அஞ்சு வீட்டுக்கு வெறுந்தவிடு. அந்த அஞ்சு வீட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா? மொத அடி உங்களுக்குத்தான் விழுந்திருக்கும். மிஸ் வெவரம் தெரியாம மாத்தி மாத்தி எறக்கிட்டாங்கன்னு நாங்கதான் கலந்து சரி பண்ணுனோம்."

"எதுல மருந்துன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒன்னுல பூண்டு இருக்கு. மத்ததுல பூண்டு இருக்குற மாதிரி காட்டியிருக்கு. வீட்டுல ரசம் வைக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது?"

பத்துக் குவியலுக்கு அப்பால் சின்னதாய்ப் பதினோராவது ஒன்று இருந்தது. அது யாருக்கு என்று கேட்டேன். கோயில் கிடாய்க்கு என்றார் சின்னமுத்து. "அதுவும் அசபோடுற பிராணிதானுங்களே மிஸ்." அதற்கும் அப்பால் ஒரு சிரட்டை நிறையப் பொடி. காளிமுத்து அண்ணன் துண்டை அவிழ்த்துவிட்டு அதைக் காலால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினார்.

"எனக்குக் கொஞ்சம் வாயுத் தொல்ல மிஸ். மாட்டுக்குக் கேக்குறது மனுசனுக்குக் கேக்காதா?"

"கேக்குதா?" என்றேன், இந்த நிலைமையிலும் ஆராய்ச்சிப் புத்தி போகாமல்.

"அத வீட்டுலதான் விசாரிக்கணும்."

நான் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் கோபமாக வந்தது. இரண்டு மாதமாக மலை ஏறி இறங்கி, சாணியில் வழுக்கி, டப்பா டப்பாவாகச் சுமந்தது எல்லாம் குப்பை. ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்குக் கொடுக்காமல் இருந்தால்தானே மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும் என்று கத்தினேன்.

"அது எப்புடி மிஸ் முடியும்?" என்றார் ரத்தினம்மா அக்கா. "நடுவுல ஒரு செவுருதான். எம் மாடு மெல்லுறது அவ மாட்டுக்குக் கேக்கும்."

என் வேலை போய்விடும் என்று மட்டும் சொன்னேன். அப்போதுதான் அவர்கள் முகம் மாறியது. ஒரு மூட்டைத் தவிட்டுக்கு ஒரு பெண்ணின் வேலை போகும் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை.

அடுத்து நடந்ததற்கு நானே பொறுப்பு. பொய் வராது என்று கல்யாணத்தையே கெடுத்துக்கொண்ட நான் சொன்னேன்: "வெளிநாட்டு நோனா வந்து கேட்டா, அவங்கவங்க மூட்டைய அவங்கவங்க மாட்டுக்குத்தான் போட்டோம்னு சொல்லிருங்க." பேராசிரியரிடம் நோனா போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சின்னமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதுக்கென்ன, கூட்டம் போட்டு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துருவோம்," என்றார். அவர் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னதைக் கேட்டபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

அந்த வெளிநாட்டு அம்மையார், லயத்துப் பேச்சில் நோனா, இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை வந்தார். நல்ல உயரம், நரைத்த தலை, சேற்றுக்குப் பயப்படாத சப்பாத்து. ஜீப்பில் வழிநெடுகப் பேராசிரியர் தவிட்டைப் பற்றியே பேசினார். நான் பின் ஆசனத்தில் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

லயத்தில் நோனாவுக்கு மாலை. பேராசிரியருக்கு மாலை. மாடுகளுக்கு மாலை. மாடுகளின் கழுத்தில் இருந்த பத்து டப்பாவுக்கும் சந்தனம், குங்குமம். குழாயின் வாயில் குங்குமம் அடைத்திருந்ததைப் பேராசிரியர் பார்க்காதபடி நான் தாவணியால் துடைத்துக்கொண்டே போனேன்.

நோனாவுக்குத் தமிழ் தெரியாது. கேள்வியை எனக்கு ஆங்கிலத்தில் சொல்வார், நான் தமிழில் கேட்டுப் பதிலை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். முதலில் காளிமுத்து அண்ணன். பொடியை எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, கோயில் கூரையைப் பார்த்து, ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

"எனக்கு வழங்கப்பட்ட மூட்டையை எனது மாட்டுக்கு மாத்திரமே வழங்கினேன். பிறருக்கு வழங்கவில்லை. அதில் நான் ஒரு கரண்டியும் உண்ணவில்லை."

கடைசி வாக்கியம் அவராகச் சேர்த்தது. முதல் பகுதியை மொழிபெயர்த்தேன். கடைசியில் என்ன சொன்னார் என்று நோனா கேட்டார். மாடு நன்றாக இருக்கிறதாம் என்றேன். இரண்டாவது வீட்டிலும், எனக்கு வழங்கப்பட்ட மூட்டையை எனது மாட்டுக்கு மாத்திரமே வழங்கினேன். மூன்றாவது வீட்டிலும் அதுவே. நான்காவது வீட்டில் ஜெயராணி பாதியில் மறந்துபோய் நிற்க, பின்னாலிருந்து சின்னமுத்து எடுத்துக் கொடுத்தார். தமிழ் தெரியாவிட்டாலும் நோனாவுக்குக் காது இருந்தது. ஒரே ஓசை வீடு வீடாக வருவதை எந்த மனுஷியும் கவனிப்பாள்.

கடைசியாக ரத்தினம்மா அக்காவின் மாட்டுக்கொட்டிலுக்கு வந்தபோது நோனா குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டார். லெச்சுமியின் தாடையைச் சொறிந்துகொண்டு, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்: பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஒரு பிடிகூடவா கொடுக்கவில்லை?

நான் தமிழில் கேட்டேன். ரத்தினம்மா அக்கா என்னைப் பார்த்தார். நான் அழுகிற மாதிரி நின்றிருக்க வேண்டும். அவர் லெச்சுமியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார்.

"மாரியாத்தா அறிய, இந்த லெச்சுமி தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன். ஒரு புடிகூட யாருக்கும் குடுக்கல."

சின்னமுத்து தலையைக் குனிந்துகொண்டார். ரத்தினம்மா அக்கா சத்தியம் செய்கிறவர் அல்ல. போன வருடம் பாலில் தண்ணீர் கலந்ததாகப் பால் எடுக்கிறவன் பழி சொன்னபோது, சத்தியம் பண்ணு என்று அத்தனை பேர் சொல்லியும் மாட்டேன் என்று ஒரு மாதம் பாலைக் கீழே ஊற்றியவர் அவர். அவர் பக்கம் உண்மை இருந்தும் சாமி பேரை இழுக்கவில்லை. பொய்ச் சத்தியம் தலையில் அடித்தவர்மேல் விழாது, அடித்த தலைமேல் விழும் என்பது அந்த லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லெச்சுமி ஐந்து மாதச் சினை. அந்த அம்மாவுக்கு இருக்கிற ஒரே சொத்து. அதை எனக்காக, அவருக்கு யாரோ ஒருத்தியான எனக்காக, பணயம் வைத்துவிட்டு இப்போது என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இதைவிட வேறு வார்த்தை இல்லை.

நோனா பக்கம் திரும்பி நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: பத்து மூட்டையையும் கலந்து பத்துப் பங்காகப் போட்டிருக்கிறார்கள். முதல் வாரத்திலிருந்தே. பத்து மாடும் ஒரே பொடியைத்தான் தின்றிருக்கின்றன, பாதி அளவு மருந்தோடு. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் மருந்தும் அந்தப் பக்கம் தவிடும் கொடுக்க இவர்களால் முடியாது. எனக்கு இரண்டு வாரமாகத் தெரியும். பொய் சொல்லும்படி சொன்னது நான்தான்.

பேராசிரியரின் நிலைமைதான் பரிதாபம். ஒரு காதில் தமிழில் சத்தியம், மறு காதில் ஆங்கிலத்தில் அதற்கு நேரெதிர். ரத்தினம்மா அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

"அப்ப தவிடு?" என்றார் மெதுவாக.

"தவிடு தவிடுதான் சேர்."

அவர் மாலையோடு புல்லுக்கட்டின்மேல் உட்கார்ந்தார். லெச்சுமி அந்த மாலையில் ஒரு பூவைத் தின்றது, அவர் தடுக்கவில்லை. நோனா என்னிடம் நாலைந்து கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. புத்தகத்தைத் திறந்து நிறைய எழுதினார். கிளம்பும்போது ரத்தினம்மா அக்கா என் கையைப் பிடித்து இழுத்து, "என்ன புள்ள, நம்பிட்டாங்களா?" என்று கேட்டார். அதுவரைக்கும் அவர் என்னை மிஸ் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

"நம்பிட்டாங்கக்கா," என்றேன்.

பத்து நாள் பேராசிரியர் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் கடிதத்தை மேசையில் வைத்தார். மூன்று வருடத்துக்கு உதவி இல்லை. மறுபடி முதலிலிருந்து செய்து பார்க்க ஒன்பது மாதம் மட்டும் தருகிறார்கள்.

"பத்துக்கும் ஒரு மாதம் குடுப்பம், பத்துக்கும் ஒரு மாதம் நிப்பாட்டுவம்," என்றார், ஜன்னலைப் பார்த்தபடி. "மாட்டை அந்த மாட்டோடையே ஒப்பிட்டுப் பாப்பம். உந்தச் சனத்தோடை வேறை வழி இல்லை. உமக்கும் ஒன்பது மாதம். வாறீரோ?"

வாறன் என்று அவர் பேச்சிலேயே சொல்லிவிட்டேன். வருத்தம் இல்லையென்று சொல்லமாட்டேன். மூன்று வருடம் ஒன்பது மாதமாகச் சுருங்கியது என் சொந்த வாயால். அன்றிரவு அம்மாவிடம் ஒன்பது மாதம் என்று சொன்னபோது, "புள்ளயா பெறப்போற?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விஷயத்தைச் சொல்லத் தோட்டத்துக்குப் போனேன். மத்தியானம் ஒரு மணி. பத்து வீட்டில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. காளிமுத்து அண்ணன் வாசலில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார், கருத்துச் சொல்லக்கூடத் தெம்பில்லாமல். யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்து கடைசி வீட்டுக்கு ஓடினேன்.

ரத்தினம்மா அக்கா லெச்சுமிக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். நோனா போன மறுநாள் லெச்சுமி இரண்டு தும்மல் தும்மியதாம். அக்கா நடுங்கிப்போய்விட்டார். ராத்திரியே சின்னமுத்து கூட்டம் போட்டார். பொய் எல்லாருக்குமாகச் சொன்னது, பாவம் மட்டும் லெச்சுமிக்கு என்றால் அது என்ன நியாயம்? பத்து வீடும் பாவத்தைப் பங்கு போட்டுக்கொண்டது. வீட்டுக்கு மூன்று செவ்வாய் விரதம்.

"மொத்தமா விழுந்தா லெச்சுமி தாங்காது," என்றார் அக்கா. "பத்தாப் பிரிச்சா மாட்டுக்கு ஒரு தும்மலோட போயிரும்."

எனக்குப் பொறுக்கவில்லை. பத்து வீட்டு மனிதரை என் பொருட்டு வீணாகப் பட்டினி போடுவதா? சொல்லிவிட்டேன். "அக்கா, யாரும் வெரதம் இருக்க வேணாம். நீங்க சொன்ன பொய் நோனாகிட்டப் போகவே இல்ல. நான் இங்கிலீசுல உண்மையச் சொல்லிட்டேன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். புல்லை உதறிப் போட்டுக்கொண்டே, "அது எனக்கு அன்னைக்கே தெரியும் புள்ள," என்றார். "நா சொன்னது ரெண்டு வரி. நீ இங்கிலீசுல அம்புட்டு நேரம் பேசுன. பெரிய சேரு மூஞ்சி வேற வெளக்கெண்ண குடிச்ச மாதிரி ஆயிருச்சி. இதக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பா படிக்கணும்?"

"தெரிஞ்சுமா பட்டினி கெடக்குறீங்க? பொய்யே போய்ச் சேரலையேக்கா!"

"நோனாவுக்குப் போய்ச் சேரல." அவர் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். "மாரியாத்தாவுக்கு இங்கிலீசு தெரியாது புள்ள. அவ காதுல விழுந்தது நா சொன்னதுதான்."

நான் கீழே சிந்திய புல்லை அள்ளி லெச்சுமிக்குப் போட்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பதினொன்னாப் பிரிச்சிருக்கு. உனக்கும் ஒரு பங்கு இருக்கு. சொல்லச் சொன்னது நீதானே."

அடுத்த செவ்வாய்க்கிழமை விடிய எழும்பித் தலைக்குக் குளித்து, பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, பத்து டப்பாவோடு கலஹா பஸ் ஏறினேன். லெச்சுமி நன்றாக இருந்தது. எனக்குத்தான் மலை ஏறும்போது தலையைச் சுற்றியது. இன்னும் இரண்டு செவ்வாய் இருந்தது.